கோபுரம், மதில், பூட்டு: குற்றம் நடக்கும் முன்பே தடுக்கும் முயற்சிகள்

ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னால் வாகனங்கள் வேகமாகப் போகக் கூடாது என்று அரசு விரும்பினால் அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. வேகமாகச் சென்றவரைப் பிடித்து அபராதம் விதிக்கலாம். பயிற்சி, உரிமம், ஓயாத கண்காணிப்பு ஆகியவற்றால் ஓட்டுநரைப் பழக்கி, யாரும் சொல்லாமலே அவர் வேகத்தைக் குறைக்கும்படி செய்யலாம். அல்லது சாலையின் குறுக்கே ஒரு வேகத்தடையை எழுப்பிவிட்டு, வண்டி ஓட்டுபவர் நல்லவரா பொல்லாதவரா என்ற கேள்வியையே கைவிட்டுவிடலாம். முதல் வழி தண்டனை, இரண்டாவது ஒழுங்காக்கம், மூன்றாவது வடிவமைப்பு. வேகத்தடைக்குத் தூக்கமில்லை, லஞ்சமில்லை, முகம் பார்க்கும் வழக்கமும் இல்லை. ஆனால் உயிருக்குப் போராடும் நோயாளியை ஏற்றிவரும் ஆம்புலன்ஸையும் அது மற்ற வண்டிகளைப் போலவே தாமதப்படுத்தும்; விதிவிலக்கு என்பதை அது அறியாது.

இந்தக் கட்டுரை பின்னிரண்டு வழிகளைப் பற்றியது. கண்காணிப்புக் கேமரா, பள்ளி மணி, சிறைக் கோபுரம், அடுக்குமாடி வீட்டின் நுழைவாயில் எல்லாவற்றையும் ‘கட்டுப்பாடு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுவது நம் வழக்கம். பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். ஒழுங்காக்கம் மனிதரை மாற்ற முயல்கிறது. ஆகவே அவர் யார், எப்படிப்பட்டவர், நேற்று என்ன செய்தார் என்பதெல்லாம் அதற்குத் தெரிந்தாக வேண்டும். வடிவமைப்பு சூழலை மாற்றுகிறது. அதற்கு அந்த விவரம் எதுவும் தேவையில்லை. இரண்டும் பலன் தரக்கூடியவை, இரண்டும் கெடுதல் செய்யக்கூடியவை. ஆனால் அவை செய்யும் கெடுதல் ஒரே வகையானது அல்ல.

தண்டனையிலிருந்து கண்காணிப்புக்கு

பிரான்சின் மன்னர் பதினைந்தாம் லூயியைக் கத்தியால் குத்திய டாமியேன் என்பவரை 1757 மார்ச் 28 அன்று பாரிஸ் நகரின் பொதுச் சதுக்கத்தில், பெருங்கூட்டத்தின் கண் முன்னால், மணிக்கணக்கில் சித்திரவதை செய்து, குதிரைகளைக் கட்டி இழுத்துக் கொன்றார்கள். ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அதே பாரிஸில் இளம் கைதிகளுக்கென எழுதப்பட்ட விதிமுறைகளில் ரத்தமே இல்லை. குளிர்காலத்தில் காலை 6 மணிக்கும் கோடையில் 5 மணிக்கும் எழ வேண்டும், நாளொன்றுக்கு 9 மணி நேரம் வேலை செய்ய வேண்டும், 2 மணி நேரம் பாடம் கேட்க வேண்டும், முரசு ஒலித்ததும் வரிசையில் நிற்க வேண்டும் என்று நிமிடக் கணக்கில் அவை நீளுகின்றன. பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ 1975-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்துத்தான் தொடங்குகிறது. மன்னர்கள் திடீரென்று இளகிய மனம் படைத்தவர்களாகிவிட்டார்கள் என்று அவர் கருதவில்லை. உடலை வதைத்து ஊரை அச்சுறுத்துவதைவிட, ஒருவரின் நேரத்தையும் அசைவையும் பழக்கத்தையும் கைக்குள் கொண்டுவருவது அதிகாரத்துக்குக் குறைந்த செலவில் நிறைந்த பயனைத் தரும் என்பது கண்டுபிடிக்கப்பட்டது என்பதே அவருடைய வாதம்.

இந்த மாற்றத்தின் இடையில் நிற்பவர் இத்தாலியரான செசாரே பெக்கரியா. தண்டனையின் கொடுமையைவிட, அது தவறாமல் வந்து சேரும் என்ற உறுதிதான் மனிதரைத் தடுக்கிறது என்று 1764-இல் அவர் எழுதினார். இன்றைய குற்றவியல் ஆய்வுகளும் பெரும்பாலும் அவர் பக்கமே நிற்கின்றன. ஆனால் தண்டனை தவறாமல் கிடைக்க வேண்டுமானால் குற்றம் எவர் கண்ணிலாவது பட்டாக வேண்டும். யார் பார்ப்பது, எங்கிருந்து பார்ப்பது என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. அதற்குக் கட்டடமாகவே ஒரு விடையை வரைந்தவர்கள் இரண்டு ஆங்கிலேயச் சகோதரர்கள்.

தம்பி சாமுவேல் பெந்தம் பொறியாளர். 1780-களில் ரஷ்யப் பேரரசில், இளவரசர் பொட்டெம்கினின் பண்ணை நிலங்களில் பணியாற்றியபோது, ஏராளமான தொழிலாளர்களைச் சிலரே மேற்பார்வை செய்யும்படி ஒரு வட்டக் கட்டடத்தை அவர் திட்டமிட்டார். அவரைப் பார்க்கச் சென்றிருந்த அண்ணன் ஜெரமி பெந்தம், சட்ட அறிஞர், அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டார். 1787-இல் கடிதங்களாக எழுதி, 1791-இல் நூலாக வெளியிட்டார். பனாப்டிகான் என்று பெயரிடப்பட்ட அந்தத் திட்டத்தில் அறைகள் வட்டத்தின் விளிம்பில் அடுக்கடுக்காக அமைந்திருக்கும். நடுவில் காவலரின் கூடம். ஒவ்வோர் அறையிலும் வெளிப்புறம் ஒரு சன்னல், உட்புறம் ஒரு திறப்பு. வெளியிலிருந்து வரும் வெளிச்சம் கைதியின் உருவத்தைத் தெளிவாகக் காட்டும். நடுக்கூடத்திலோ மறைப்புகள் இருப்பதால் அங்கே காவலர் இருக்கிறாரா, இருந்தாலும் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பது கைதிக்குத் தெரியாது.

இதன் நுட்பம் முழுவதும் அந்தத் தெரியாமையில்தான் இருக்கிறது. எப்போதும் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பார்க்கப்படலாம் என்ற எண்ணம் எப்போதும் இருந்தால் போதும். நாளடைவில் கைதி தன்னைத்தானே காவல் காக்கத் தொடங்கிவிடுவார், நடுக்கூடம் காலியாகக் கிடந்தாலும் வேலை நடக்கும். பள்ளி, மருத்துவமனை, தொழிற்சாலை, ஏழைகள் விடுதி என எங்கும் இதைக் கட்டலாம் என்று ஜெரமி நம்பினார். அவரைக் குறைகூறுபவர்கள் பலரும் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பொதுமக்கள் எந்நேரமும் உள்ளே வந்து அந்தக் காவலரையும் பார்வையிட வழி இருக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அதே வேளையில் அந்தச் சிறையின் ஒப்பந்தக்காரராகத் தாமே இருந்து, கைதிகளின் உழைப்பிலிருந்து லாபம் எடுக்கவும் விரும்பினார் என்பதையும் மறைப்பதற்கில்லை. 1794-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியும் திட்டம் நிறைவேறவில்லை. 1813-இல் 23,000 பவுண்டு இழப்பீடு கொடுத்து அவரை அனுப்பிவிட்டார்கள். லண்டனில் அதற்காக வாங்கிய மில்பேங்க் நிலத்தில் 1816-இல் வேறு வடிவில் ஒரு சிறை திறக்கப்பட்டது. இன்று அந்த இடத்தில் ஓர் ஓவியக் காட்சியகம் இருக்கிறது.

அந்தமானின் போர்ட் பிளேரில் 1896-இல் தொடங்கி 1906-இல் முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையைப் பனாப்டிகான் என்று சிலர் எழுதுவதுண்டு. அது முழுவதும் சரியன்று. நடுக் கோபுரத்திலிருந்து ஏழு கிளைக் கட்டடங்கள் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல விரிந்திருந்தன. மூன்று தளங்களில் ஏறக்குறைய 700 தனியறைகள். கோபுரத்திலிருந்து தாழ்வாரங்களைக் காணலாமே தவிர அறைக்குள் இருப்பவரைக் காண முடியாது. ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி கட்டியதால், ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க வழியில்லை. அங்கே கட்டடம் செய்த வேலை மனிதர்களை ஒருவரிடமிருந்து ஒருவரைப் பிரிப்பது. அரசியல் கைதிகளைப் பொறுத்தவரை அரசு அஞ்சியது அவர்கள் ஓடிவிடுவார்கள் என்பதற்கல்ல, பேசிக்கொள்வார்கள் என்பதற்கே.

தேம்ஸ் நதிக்கரையில் நடந்தது

பெந்தம் சகோதரர்களின் சிறை வரைபடத்தோடு நின்றுபோனாலும், அதே ஆண்டுகளில் லண்டனின் தேம்ஸ் நதிக்கரையில் வேறொரு பரிசோதனை உண்மையிலேயே நடந்தேறியது. இந்தத் துறையைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது அதைத்தான். ஒழுங்காக்கமும் வடிவமைப்பும் கைகோத்து வேலை செய்வதை அவ்வளவு தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது.

மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சர்க்கரை, ரம், காப்பி ஏற்றிவந்த கப்பல்கள் நதியின் நடுவே நெருக்கியடித்து நின்று, சிறு படகுகளில் சரக்கை இறக்கின. சுமையிறக்கும் தொழிலாளர்களின் கூலி குறைவு. சிந்திய சர்க்கரையை, சிதறிய நிலக்கரியை வீட்டுக்கு எடுத்துப்போவது அவர்களின் வழக்கமான வரும்படி. அரசுக் கப்பல் கட்டும் தளங்களில் தச்சர்கள் வெட்டி எஞ்சிய மரத்துண்டுகளை எடுத்துச் செல்வதும் அப்படித்தான். களத்துமேட்டில் சிந்திய நெல் கூலியாளுக்கு என்பதைப் போன்ற ஏற்பாடு இது. பேட்ரிக் கஹூன் என்ற நீதிபதி இதை முழுக்கத் திருட்டு என்று கணக்கெடுத்து, ஆண்டுக்கு 5 லட்சம் பவுண்டு மதிப்புள்ள சரக்கு களவுபோவதாக மதிப்பிட்டார். நதியில் வேலை செய்த 33,000 பேரில் 11,000 பேர் குற்றவாளிகள் என்றும் சொன்னார். மேற்கிந்திய வணிகர்கள் பணம் கொடுக்க, 1798 ஜூலையில் வாப்பிங் என்ற இடத்தில் ஏறக்குறைய 50 பேர் கொண்ட நதிக் காவல் படை தொடங்கியது. அதற்கான சட்ட முன்வரைவை எழுத உதவியவர் ஜெரமி பெந்தம்.

அந்தப் படை குற்றவாளியைத் துரத்திப் பிடிப்பதோடு நிற்கவில்லை. தொழிலாளர்களைப் பதிவு செய்தது, அவர்களுக்குரிய கூலியைத் தானே பட்டுவாடா செய்தது, வேலை முடிந்து கரையேறும்போது சோதனையிட்டது, பொருளை மறைக்க இடம்தரும் தொளதொள உடைகளைத் தடை செய்தது. அக்டோபரில், நிலக்கரி எடுத்ததற்காகச் சிலர் தண்டிக்கப்பட்டபோது, திரண்ட கூட்டம் வாப்பிங் அலுவலகத்தைத் தாக்கியது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. ஆயினும் 1800-இல் அரசு அந்தப் படையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அடுத்து வந்தது கட்டடம்: 1802-இல் திறக்கப்பட்ட மேற்கிந்தியக் கப்பல்துறை சுமார் 20 அடி உயர மதிலால் சூழப்பட்டிருந்தது. கப்பல் மதிலுக்குள் வந்து நிற்கும், சரக்கு மதிலுக்குள்ளேயே கிடங்குக்குப் போகும், தொழிலாளி குறிப்பிட்ட வாசல் வழியாக மட்டுமே வெளியேற முடியும். கப்பல் கட்டும் தளங்களில் மரத்துண்டு எடுக்கும் உரிமை 1801-இல் ஒழிக்கப்பட்டு, அதற்கு ஈடாகச் சிறு தொகை தரப்பட்டது. அப்போது அந்தத் தளங்களின் சீர்திருத்தத்துக்குப் பொறுப்பாக இருந்த கடற்படை அதிகாரி வேறு யாருமல்லர், ரஷ்யாவிலிருந்து திரும்பிய சாமுவேல் பெந்தம்தான்.

களவு குறைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் எது களவு என்ற வரையறையும் அந்தச் சில ஆண்டுகளில் மாறிப்போயிருந்தது. முன்பு கூலியின் பகுதியாக இருந்தது பின்னர் குற்றமாகிவிட்டது. மதிலும் காவலும் அந்தப் புதிய வரையறையைக் கல்லில் எழுதின. குற்றத்தடுப்பு பற்றிய எந்தத் திட்டத்தைப் படிக்கும்போதும், எதைத் தடுக்கிறார்கள் என்பதை முதலில் தீர்மானித்தவர் யார் என்று பார்க்கும் வழக்கத்தை நான் பெற்றது இந்த வரலாற்றிலிருந்துதான்.

பள்ளியும் பதிவேடும்

ஒழுங்காக்கம் சிறைக்கு மட்டும் உரியதன்று. அதன் கருவிகள் மூன்று என்று ஃபூக்கோ கூறுகிறார்: மேலிருந்து படிப்படியாகப் பார்த்தல், ஒரு சராசரி அளவுகோலை வைத்து ஒவ்வொருவரையும் மதிப்பிடுதல், தேர்வு நடத்திப் பதிவேட்டில் எழுதுதல். பள்ளியில் படித்த எவருக்கும் இந்த மூன்றையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1789-இல் சென்னையில் ராணுவத்தினரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். முன்னேறிய மாணவர் மற்றவர்களுக்குப் பாடம் சொல்லவும், அவர்கள் நடத்தையைக் கண்காணிக்கவும், அன்றாடம் பதிவு செய்யவும் ஏற்பாடு செய்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலைதான் இது. 1797-இல் பெல் இதை லண்டனில் நூலாக வெளியிட, ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் பிரிட்டன் முழுவதும் பரவியது. ஓர் ஆசிரியர் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே கூடத்தில் நடத்த முடிந்தது. வறியவர் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதலும் நேர ஒழுங்கும் கற்பிக்க மலிவான வழி கிடைத்தது என்று அன்றைய கனவான்கள் மகிழ்ந்தார்கள். எழுத்தறிவும் பெருகியது. ஒழுங்காக்கத்தை வெறும் அடக்குமுறை என்று ஒதுக்கிவிட முடியாததற்கு இதுவே காரணம். அது திறனையும் தருகிறது, திறனைத் தரும் அதே கையால் ஆளையும் அளக்கிறது.

அளப்பது ஒருவரின் செயலை விட்டு அவரது பிறப்பின் மீது திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. 1871-இல் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தை அரசு அறிவிக்கை செய்துவிட்டால் அதில் பிறந்தவர்களைப் பதிவேட்டில் ஏற்றலாம், விரல் ரேகை எடுக்கலாம், குறித்த நேரங்களில் வந்து முகம் காட்டச் சொல்லலாம், ஊரைவிட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு கேட்கலாம், குடியிருப்புகளில் அடைத்துவைத்து ‘திருத்தலாம்’. அந்த அறிவிக்கையை நீதிமன்றத்தில் எதிர்க்க வழியில்லை. மதுரை வட்டாரத்து மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். அங்கே பிரமலைக் கள்ளர்கள் ஊர்க் காவல் வேலை பார்த்து, அதற்குரிய பங்கைப் பெற்றுவந்த பழைய முறையை ஆங்கிலேய நிர்வாகம் மிரட்டிப் பறிப்பதாகவே பார்த்தது. தேம்ஸ் கரையில் வரும்படி களவானதைப் போல, இங்கே காவல் கூலி குற்றமானது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துத் திரண்ட மக்கள்மீது காவல் துறை சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை அந்த மக்கள் இன்றும் ரோசாப்பூ துரை என்று நினைவுகூர்கிறார்கள். சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. இந்தியா முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-இல் முடிவுக்கு வந்தது. அதன் இடத்தில் வந்த வழக்கமான குற்றவாளிகள் பற்றிய சட்டங்கள், பிறப்பை விட்டுவிட்டுச் செயலைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டன. பதிவேடு மட்டும் போகவில்லை.

ஆளை விட்டுச் சூழலைப் பார்த்தல்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் குற்றவியலாளர் சிலர் கேள்வியையே மாற்றினார்கள். ‘இவர் ஏன் குற்றவாளியானார்?’ என்று கேட்பதை நிறுத்தி, ‘இந்தக் குற்றம் இந்த இடத்தில், இந்த நேரத்தில் எப்படிச் சாத்தியமானது?’ என்று கேட்டார்கள். 1979-இல் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் ஆகிய இருவரும் ஓர் எளிய வாய்பாட்டை முன்வைத்தார்கள். குற்றம் செய்யத் துணிந்தவர், அவருக்கு ஏற்ற இலக்கு, தடுக்கக்கூடியவர் இல்லாத நிலை, இந்த மூன்றும் ஓரிடத்தில் கூடினால் குற்றம் நிகழும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கர்களின் வருமானம் உயர்ந்துகொண்டிருந்தபோதே திருட்டும் கூடியது ஏன் என்பதற்கு இதிலிருந்து விடை கிடைத்தது: பகலில் எல்லோரும் வேலைக்குப் போக வீடுகள் பூட்டிக் கிடந்தன, வீட்டுக்குள்ளோ எளிதில் தூக்கிச் செல்லத்தக்க விலையுயர்ந்த மின்சாதனங்கள் குவிந்தன. மக்களின் ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று புலம்பத் தேவையே எழவில்லை.

இந்தப் பார்வைக்கு மிக அழகான சான்று மேற்கு ஜெர்மனியில், யாரும் திட்டமிடாமல் கிடைத்தது. மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் அணியாதவருக்கு அங்கே 1980-இல் அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். நோக்கம் விபத்தில் தலை காப்பது மட்டுமே. அந்த ஆண்டு சுமார் 1.5 லட்சமாக இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டு, 1986-இல் சுமார் 54 ஆயிரமாகக் குறைந்தது. வழியில் நிற்கும் வண்டியைப் பார்த்ததும் எடுத்து ஓட்டிப்போக ஆசைப்படுபவர் கையில் தலைக்கவசம் இருக்காது. கவசமில்லாமல் போனால் அடுத்த தெருவிலேயே காவலர் நிறுத்துவார். வண்டி கிடைக்காதவர்கள் காரையோ சைக்கிளையோ திருடப் போயிருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். அப்படி ஈடுகட்டும் அளவுக்கு அவை பெருகவில்லை. திருடர்களில் பலர் ‘திருடர்’ என்ற தனி இனம் அல்லர், வாய்ப்புக்கு இணங்கியவர்கள் என்பதையே இது காட்டுகிறது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படை எண்ணத்துக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு தேவையில்லை என்பது என் கருத்து.

குற்றம் இடம்பெயரவே செய்யாது என்று இதற்குப் பொருளல்ல. கார் திருப்புச் சக்கரத்தைப் பூட்டும் கருவியை மேற்கு ஜெர்மனி 1963-இல் பழைய கார், புதிய கார் எல்லாவற்றுக்கும் கட்டாயமாக்கியது. கார் திருட்டு நன்றாகக் குறைந்தது. பிரிட்டன் 1971-இல் புதிய கார்களுக்கு மட்டும் கட்டாயமாக்கியது. திருடர்கள் பழைய கார்களுக்கு மாறிக்கொண்டார்கள். புதிய கார் வாங்க வசதியுள்ளவருக்குப் பாதுகாப்பு, மற்றவருக்குக் கூடுதல் ஆபத்து என்று முடிந்தது. பிரிட்டிஷ் உள்துறை அமைச்சகத்தின் ஆய்வுப் பிரிவில் இருந்த ரொனால்ட் கிளார்க் இப்படிப்பட்ட அனுபவங்களைத் தொகுத்து, குற்றத்துக்கு வேண்டிய உழைப்பைக் கூட்டுவது, மாட்டிக்கொள்ளும் அபாயத்தைக் கூட்டுவது, கிடைக்கும் பலனைக் குறைப்பது, தூண்டுதலைத் தணிப்பது, சாக்குச் சொல்ல இடமில்லாமல் செய்வது என்ற ஐந்து தலைப்புகளில் முறைப்படுத்தினார். கைப்பேசி தொலைந்ததும் அதை முடக்கிவிடும் வசதி பலனைக் குறைக்கும் வகையைச் சேர்ந்தது. பூட்டு உழைப்பைக் கூட்டும் வகை.

கட்டடங்களைப் பற்றிய விவாதம் இதைவிடச் சிக்கலானது. ஜேன் ஜேக்கப்ஸ் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் வாழ்ந்தவர். ஒரு தெருவைக் காப்பது முதன்மையாகக் காவல் துறையன்று. கடைக்காரர், சன்னலோரம் நிற்பவர், போவோர் வருவோர் ஆகியோரின் கண்களே என்று 1961-இல் அவர் எழுதினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் செயின்ட் லூயிஸ் நகரில் ப்ரூயிட்-ஐகோ என்ற பொதுக் குடியிருப்பு எழுந்திருந்தது: 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள், சுமார் 2,870 வீடுகள். செலவைக் குறைக்க, லிஃப்ட் 1, 4, 7, 10 ஆகிய தளங்களில் மட்டும் நின்றது. மற்ற தளத்தவர் மாடிப்படியில் ஏறியோ இறங்கியோதான் தம் வீட்டை அடைய வேண்டும், அந்தப் படிகளில்தான் வழிப்பறி நடந்தது. அருகில் இருந்த பல்கலைக்கழகத்தில் கற்பித்த கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன் உள்ளே சென்று பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார். இரண்டு குடும்பங்கள் மட்டும் பகிர்ந்துகொண்ட படிமுகப்புகள் தூய்மையாக இருந்தன. 20 குடும்பங்களுக்குப் பொதுவான தாழ்வாரங்களும், 150 குடும்பங்களுக்குப் பொதுவான நுழைவுக்கூடமும் லிஃப்டும் பாழடைந்து கிடந்தன. எதிரிலேயே கார் ஸ்கொயர் என்ற தாழ்ந்த கட்டடக் குடியிருப்பில் அதே நிலையிலுள்ள மக்கள் பெரிய தொல்லையின்றி வாழ்ந்தார்கள். இத்தனை பேருக்குப் பொதுவான இடத்தில் யார் அயலார், யார் குடியிருப்பவர் என்று எவருக்கும் தெரியாது, தட்டிக்கேட்கும் உரிமை தமக்கு உண்டென்று எவரும் உணர மாட்டார்கள் என்பது நியூமனின் முடிவு. 1972-இல் அவர் நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் ப்ரூயிட்-ஐகோவை இடிக்கத் தொடங்கி 1976-க்குள் முற்றிலும் அகற்றினார்கள்.

இந்தக் கதை கட்டடக் கல்லூரிகளில் மிகவும் விரும்பிச் சொல்லப்படுகிறது; அதனாலேயே சற்றுச் சந்தேகத்தோடு கேட்பது நல்லது. ப்ரூயிட்-ஐகோவின் பராமரிப்புச் செலவு குடியிருப்பவர்களின் வாடகையிலிருந்தே வர வேண்டும் என்பது விதி. நகரத்தின் மக்கள்தொகையும் வேலைகளும் புறநகருக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அந்த வாடகை போதவில்லை, உடைந்த குழாயும் விளக்கும் சீராக்கப்படவில்லை. உதவித்தொகை பெறும் குடும்பத்தோடு உழைக்கும் வயதுள்ள தந்தை தங்கக் கூடாது என்ற விதியும் இருந்தது. வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின ஏழைகள். மாடிப்படியின் வடிவம் வழிப்பறிக்கு வசதி செய்தது உண்மை. ஆனால் கட்டடத்தின் மீது முழுப் பழியையும் போட்டபோது, அந்த விதிகளை எழுதியவர்கள் நழுவிவிட்டார்கள்.

உயரமான அடுக்குமாடியே குற்றத்தை வளர்க்கும் என்ற அவசர முடிவுக்கு எதிரான விடை சிங்கப்பூர். 1960-இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், நம்மவர் வழக்கில் வீவக, மக்களில் பெரும்பாலோரை அடுக்குமாடிகளில்தான் குடியமர்த்தியது. கட்டடங்களின் கீழ்த்தளத்தைத் திறந்த வெளியாக விட்டதால் திருமணமும் துக்கமும் சதுரங்க ஆட்டமும் அங்கே நடக்கின்றன, ஆள் நடமாட்டமும் பார்வையும் குறைவதில்லை. ஜப்பானின் சிறு காவல் சாவடிகளைப் பார்த்து 1983-இல் அக்கம்பக்கக் காவல் நிலையங்கள் தொடங்கப்பட்டன. லிஃப்டில் சிறுநீர் கழிப்பவர்களுக்காக ஒரு கருவியே பொருத்தினார்கள். அது ஈரத்தை உணர்ந்ததும் லிஃப்ட் நின்று கதவு பூட்டிக்கொள்ளும், உள்ளே இருப்பவர் காவலர் வரும்வரை காத்திருக்க வேண்டும். இதைக் கேட்டுச் சிரிக்கலாம், பலன் இருந்தது.

வடிவமைப்பின் விலையும் அங்கே தெரிகிறது. 1964-இன் இனக் கலவரங்களை மறக்காத அரசு, ஒரே இனத்தவர் ஓரிடத்தில் குவிவதைத் தடுக்க 1989-இல் ஒவ்வொரு கட்டடத்துக்கும் வட்டாரத்துக்கும் இனவாரியான வரம்பு விதித்தது. ஒரு கட்டடத்தில் சீனர்களுக்கான வரம்பு நிரம்பிவிட்டால், அங்கே வீடு வைத்திருக்கும் இந்தியரோ மலாய்க்காரரோ அதைச் சீனருக்கு விற்க முடியாது. சிறுபான்மையினருக்குக் கிடைக்கும் வாங்குவோர் எண்ணிக்கை சிறுத்துவிடுவதால் அவர்கள் நெடுநாள் காத்திருக்கிறார்கள், சில வேளை குறைந்த விலைக்கும் விற்கிறார்கள். இதை ஏற்றுக்கொண்ட அரசு, மிகவும் சிரமப்படுபவர்களின் வீட்டைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 2022-இல் செய்தது. அக்கம்பக்கத்தில் கலந்து வாழும் நன்மை எல்லோருக்கும் கிடைக்கிறது, கட்டணம் மட்டும் சிலரிடம் கூடுதலாக வசூலாகிறது.

இன்று எல்லா ஊர்களிலும் பெருகிவரும் கேமராவை இந்த இரண்டு வகைகளில் எதில் சேர்ப்பது? பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், வாகன நிறுத்துமிடங்களில் கேமரா நன்றாகவே பயன்படுகிறது, அதிலும் நல்ல வெளிச்சம், வேலி, காவலாள் ஆகியவற்றோடு சேரும்போது கூடுதலாகப் பயன்படுகிறது, வன்முறைக் குற்றங்களிலோ பெரிய மாற்றத்தைக் காண முடியவில்லை என்கிறார்கள். காரை உடைப்பவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உடைக்கிறார். ஆத்திரத்தில் அடிப்பவர் பார்ப்பதில்லை. நிறுத்துமிடத்தின் கேமரா இடத்தைக் காக்கிறது, முன்னால் வருபவர் யாராக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்; அந்த அளவில் அது பூட்டின் உறவு. அதே கேமராவோடு முகத்தை அடையாளம் காணும் மென்பொருளையும் ஒரு பெயர்ப் பட்டியலையும் இணைத்துவிட்டால், கம்பத்தில் எதுவும் மாறியிருக்காது, ஆனால் அது இனி இடத்தைப் பார்க்காது, ஆளைப் பார்க்கும். அந்தப் பட்டியலில் ஒருவரின் பெயர் எப்படி ஏறியது, எந்த நீதிமன்றத்தில் முறையிட்டு அதை நீக்குவது என்ற கேள்விகளுக்குக் கேமராவை விற்பவரிடம் விடை இருக்காது. சட்டம் இயற்றுபவரிடம்தான் கேட்க வேண்டும்.